அக்கி

நெருப்பைக் குறிக்கும் வடமொழி ‘அக்னி’ பிராகிருத வழியாகத் தமிழில் ‘அக்கி’ ஆயிற்று. நோயின் பெயரும் அந்த நெருப்பிலிருந்தே வந்தது என்பர். பொருத்தமான பெயர்தான், பட்டவர்கள் முதலில் சொல்வது எரிச்சலைத்தான்.

சின்னம்மை ஆறிய பிறகும் அதன் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் பதுங்கியிருக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஒரு நரம்பின் வழியே அக்கியாக வெளிவரும். அதனால்தான் கொப்புளங்கள் முதுகிலிருந்து விலாவைச் சுற்றி வந்து, உடம்பின் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. குழப்பமெல்லாம் அதற்கு முந்தைய நாட்களில். தோலில் ஒன்றும் தெரியாது, வலி மட்டும் இருக்கும். இடது மார்பில் வந்தால் மாரடைப்போ என்று ஈசிஜி எடுப்பார்கள். இடுப்பில் வந்தால் சிறுநீரகக் கல்லோ என்று ஸ்கேன். சட்டை உரசினாலே எரிகிறதா என்று கேட்டால் சில சமயம் விடை கிடைத்துவிடும்.

‘அக்கி எழுதுதல்’ என்றொரு வழக்கு உண்டு. குயவர்கள் காவிமண்ணைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் சிங்க உருவம் வரைவார்கள். அந்தக் குளிர்ச்சி இதமாகத்தான் இருக்கும். ஆனால் வைரஸுக்கான மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன்; எழுதப் போய் அந்த நேரத்தை இழந்துவிடக் கூடாது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்டால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பார்வைக்கே ஆபத்து.