நிரையில் தனியாள்

கரடியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் நண்பன் சிரித்தான். "சும்மா கரடி விடாதடா" என்றான். தமிழில் கரடிக்கு வாய்த்த இடம் அவ்வளவுதான். பொய் சொன்னால் கரடி, சிவபூசையைக் கெடுத்தாலும் கரடி. தோட்டத்துக் கதைகளிலும் மரியாதை முழுக்கப் புலிக்கே. புலி வந்த ராத்திரி, முனியாண்டி காவல் நின்ற லயம் என்று நிறைய கேட்டிருக்கிறோம். நெகிரி செம்பிலானில் ஜெலுபு, ஜெம்போல் பக்கத்துக் காட்டோரத் தோட்டங்களை நினைக்கும்போது, அந்தக் கதைகளில் கரடி விடுபட்டுப்போனது எனக்கு உறுத்துகிறது.

வட அமெரிக்கப் பூங்காக்களில் கூடாரம் போடுகிறவர்களுக்கு, கருங்கரடியிடமிருந்து தப்பச் சில யோசனைகள் சொல்வார்கள். கூட்டமாகப் போ. பேசிக்கொண்டே, சத்தம் காட்டிக்கொண்டே போ. விடியலிலும் அந்தியிலும் கூடுதல் கவனம் தேவை. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதே. எதிரே பட்டால் ஓடாதே, மரத்தில் ஏறாதே. மேலே பாய்ந்துவிட்டால் செத்ததுபோல் படுக்காதே, திருப்பி அடி. பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு நண்பர்கள் கதையில் ஒருவன் மரத்தில் ஏறினான், இன்னொருவன் மூச்சை அடக்கிப் படுத்தான். கருங்கரடியாக இருந்திருந்தால் ரெண்டு பேர் பாடும் சிக்கல்தான்.

இந்த யோசனைகளை ஒரு பால்மரத் தொழிலாளியின் காலை நேரத்தோடு வைத்துப் பாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டோடு பிரட்டு, நெற்றியில் விளக்கு, கையில் உளி. ஆளுக்கொரு நிரை, நிரைக்கு 300, 400 மரம். கூட்டமாகப் போகலாம் என்று கங்காணியிடம் சொல்ல முடியுமா? கரடி உலாவும் நேரத்தில், தனியாக, குனிந்த தலையோடு, கண்ணெதிரே இருக்கும் வெட்டைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாத வேலை. காட்டை ஒட்டிய கடைசி நிரை யாருக்கு என்பது அந்தத் தோட்டத்தில் யாருக்குச் செல்வாக்கு என்பதையும் சொல்லிவிடும். பக்கத்து நிரைக்காரரைக் கூவிக் கூப்பிட்டு, பதில் குரல் கேட்ட பிறகு அடுத்த மரத்துக்குப் போவதுதான் இருந்த ஒரே ஏற்பாடு. அதைப் பாதுகாப்பு என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

எழுதிவைத்தவர்கள் துரைமார்கள். ஆம்புரோஸ் ராத்போர்ன் 1898இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே 'கேம்பிங் அண்ட் டிராம்பிங் இன் மலாயா'. காட்டில் கூடாரமடித்துத் திரிந்த அனுபவம். இவரும், இலங்கைக் காப்பித் தோட்டங்களிலிருந்து வந்த ஹெஸ்லப் ஹில்லும் கூட்டாளிகள். சுங்கை ஊஜோங்கில், அதாவது இன்றைய சிரம்பான் வட்டாரத்தில், தோட்டம் போட்டார்கள், சாலைக் குத்தகை எடுத்தார்கள். அவர்களுக்குக் காடு துணிகரம். அதே காட்டை வெட்டி நிரை பிடித்துக் கொடுத்தவர்களுக்குக் கூடாரமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, புத்தகமும் இல்லை.

அவர்களுக்கும் முந்தைய துரை ஒருவரை விட்டுவிட மனமில்லை. இந்த வட்டாரத்துக் கரடிக்கு 1820களின் தொடக்கத்தில் அறிவியல் பெயர் கொடுத்தவர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ். பெங்கூலனில் அவர் வளர்த்த குட்டி, சாப்பாட்டு மேசைக்கே வருமாம். பழத்தில் மங்குஸ்தானும் மதுவில் ஷாம்பேனும்தான் அதற்குப் பிடிக்கும் என்று அவரே பதிவுசெய்திருக்கிறார். துரை வீட்டுக் கரடிக்கு வாய்த்த வாழ்வு!

மலாயில் அது பெருவாங் மத்தஹாரி, சூரியக் கரடி. நெஞ்சில் மஞ்சள் பிறைபோல ஒரு தழும்பு. உலகக் கரடிகளில் இதுதான் சிறியது, பெரும்பாலும் 65 கிலோவைத் தாண்டாது. தேனும் கரையானும் பழமும் தின்னும். மனிதனைத் தேடி வராது. ஆனால் திடீரென்று நேருக்கு நேர் பட்டால், அதிலும் குட்டியோடு இருந்தால், விலகிப்போவது நிச்சயமில்லை. நகம் நீளம், தாடை வலுவானது. தோல் தொளதொளவென்று இருப்பதால் பிடியில் சிக்கினாலும் உள்ளேயே திரும்பிக் கடித்துவிடும். மரம் ஏறுவதில் கெட்டிக்காரன் என்பதால் மேலே ஏறித் தப்பிக்கிற வழியும் அடைபட்டது.

விலங்கும் தோட்டமும் மோதிக்கொண்டபோது அரசாங்கம் விசாரிக்காமல் இல்லை. நெகிரி செம்பிலானில் தோட்டம் நடத்தியவரும் யானை, காட்டெருது வேட்டைக்குப் பேர்போனவருமான தியோடர் ஹப்பேக், பின்னாளில் விலங்குகளின் வக்கீலாக மாறினார். அவர் தலைமையில் 1930களின் தொடக்கத்தில் வனவிலங்கு ஆணையம் வேலை செய்தது, 1932இல் அறிக்கை வந்தது. இன்றைய தாமான் நெகாராவுக்கு அடித்தளம் அதுதான், பெரிய காரியம். ஆனால் அந்த விவாதத்தின் ஒரு பக்கம் பயிர்ச்சேதம், மறுபக்கம் விலங்கின் உயிர். நிரையில் நிற்கும் ஆளின் உயிர் இந்த இரண்டிலும் சரியாக அடங்கவில்லை என்பது என் வாசிப்பு.

1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்த பிறகு, தோட்டத்து லயங்களையும் ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்களை வாசலில் சோதித்தார்கள். சோறு வெளியே போகக்கூடாது, காட்டிலிருக்கும் கெரில்லாக்களுக்குப் போய்விடும் என்ற பயம். கூடாரக்காரர்களுக்குச் சொல்லும் அதே விதி, சாப்பாடு எடுத்துப் போகாதே! ஆனால் இங்கே காப்பாற்ற நினைத்தது தொழிலாளியை அல்ல. ஊரடங்கு நீங்கி, வெளிச்சம் வந்த பிறகே வாசல் திறந்த தோட்டங்களில் இருட்டில் கரடியை மிதிக்கும் ஆபத்து குறைந்திருக்கும். பாலும் குறையும், பால் குறைந்தால் கூலியும் குறையும். இந்தப் பக்கம் பயம், அந்தப் பக்கம் பட்டினி. இதுல எதத் தேர்ந்தெடுக்குறது?

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சிம்பாங் பெர்த்தாங் அருகே, சுமார் 2,400 ஹெக்டர் பரப்புள்ள பாசோ வனக்காப்பகத்துக்கு மூன்று பக்கமும் செம்பனைதான். உதிர்ந்த பழத்தைத் தின்று காட்டுப்பன்றிகள் அங்கே பெருத்துப்போனதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கரடிக்கும் செம்பனைப் பழம் பிடிக்கும். ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் பகலை விட்டு ராத்திரிக்கு மாறிக்கொள்ளும், செம்பனைக்குள் இருட்டில்தான் நுழையும். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. அதைக் கொல்லக்கூடாது, கண்ணி வைக்கக்கூடாது, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. காடு சுருங்கியதற்கு அது பொறுப்பல்ல.

நம்மவர்கள் பெரும்பாலும் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள். இன்று காட்டோரத்தில் குலை அறுப்பது பெரும்பாலும் இந்தோனேசியத் தொழிலாளியும் வங்காளதேசத்துப் பையனும்தான். விடிவதற்குள் அவர்களும் கிளம்ப வேண்டும். நேருக்கு நேர் பட்டால் முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்னால் நகர வேண்டும் என்பதை யார், எந்த மொழியில் அவர்களுக்குச் சொல்கிறார்கள்?