பார்வைப்புலத்தை அளந்த கருவிகள்

சுவரில் மாட்டிய அட்டையின் எழுத்துக்களைப் படித்துவிட்டால் கண் நலமாயுள்ளது என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். ஆயின் எழுத்தைப் படிப்பது பார்வையின் நடுப்பகுதி மாத்திரமே. நேரே நோக்கியவாறே மேலும் கீழும் இருமருங்கும் நாம் காணும் பரப்பு முழுவதும் பார்வைப்புலம் எனப்படும். கண்நரம்பை அரிக்கும் கிளொக்கோமா நோய் பெரும்பாலும் வலியின்றி வந்து, நடுப்பார்வையை இறுதிவரை விட்டுவைத்து, சுற்றுப்புறத்தையே முதலிற் கவர்கிறது. ஒரு கண்ணின் குறையை மறுகண் மறைத்துவிடும். இழந்த பார்வை மீளாது; எஞ்சியதைக் காக்கலாம்.

சபரகமுவாவின் தோட்டங்களுக்கு இது புறம்பான செய்தியன்று. பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பகுதிகளின் சரிவுகளிற் கொழுந்து பறிப்போரும் இறப்பர்ப் பால் வெட்டுவோரும் கற்படியையும் கானையும் கீழ்ப்பார்வையாலேயே அறிந்து நடக்கின்றனர். அவர்கள் இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ சென்று கண்ணைச் சோதிப்பதாயின் ஒரு நாட் சம்பளத்தை இழக்கவேண்டும். ஆகவே சோதனைக் கருவி அவர்களை நாடி வருமா என்பது பெரிய வினாவாகும்.

இக்கருவியின் வரலாறு விந்தையானது. 1856 இல் ஜெர்மனிய வைத்தியர் கிரேஃபே பார்வைப்புல அளவீட்டை நோயறியும் முறையாக்கினார். 1889 இல் கொப்பன்ஹேகன் வைத்தியர் பியெரும், தமது அறைக்கதவின் பின்புறத்தையே திரையாகக் கொண்டு, கோலின் நுனியில் ஒரு வெண்புள்ளியை நகர்த்தி, கிளொக்கோமா விளைக்கும் வில்வடிவக் குறையைக் கண்டறிந்தார். 1945 இல் சுவிற்சர்லாந்தின் கோல்ட்மான் அரைக்கோளக் கிண்ணத்தினுள் ஒளிப்பொட்டைக் காட்டும் கருவியை அமைத்தார். 1980களிற் கணினி அப்பணியை ஏற்றது. நோயாளி நடுப்புள்ளியை நோக்கியிருந்து, ஒளி தோன்றுந்தோறும் பொத்தானை அமுக்குவார். அளவு நுட்பமாயிற்று, ஆனால் கருவி வைத்தியசாலையின் இருட்டறைக்குள் அடங்கிற்று.

அதனை வெளியே கொணரும் முயற்சியும் உடன் தொடங்கியது. 1985 இல் டமாட்டோ என்பவர், புள்ளியை நகர்த்தாமற் கண்ணையே நகர்த்திச் சோதிக்கும் ஓர் அட்டை முறையை வெளியிட்டார். 2017 இல் நேபாளத்தில் ஐபேட் என்னும் கையடக்கக் கணினி கொண்டு செய்த சோதனையும், 2020 இல் புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து தலையில் அணியும் கருவி பற்றி வந்த ஆய்வும் அறிஞருலகில் வெளியாயின. பையிலிட்டுத் தோளிற் சுமந்து செல்லத்தக்க கருவிகள் இவை.

இவற்றின் எல்லையையும் சொல்லியாகவேண்டும். இத்தகைய கருவிகள் முற்றிய குறையை நன்கு காட்டுவன. தொடக்கக் குறையை எளிதில் தவறவிடுவன. அன்றியும், களைத்தவரும் முறையை விளங்கிக்கொள்ளாதவரும் பொத்தானைப் பிழையாக அமுக்குவர். எனவே, அவருக்கு விளங்கும் தமிழில் அமைதியாக எடுத்துரைப்பதும் சோதனையின் ஒரு பகுதியே. கருவி சல்லடையேயன்றித் தீர்ப்பாளியன்று. சல்லடையிற் சிக்கியவரைக் கண் வைத்தியரிடம் சேர்ப்பிக்கும் ஒழுங்கில்லையேல், அவர் அச்சத்தை மாத்திரமே சுமந்து லயத்துக்குத் திரும்புவார்.

ஆதலின் தோட்ட மருந்தகங்களில் இச்சோதனையைத் தொடங்குவோர், முதலில் நாற்பது வயதைக் கடந்தோரையும், கிளொக்கோமா கண்டவர்களின் உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் அழைப்பது தக்கது. உடன்பிறந்தார்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. வைத்தியசாலைக்குச் செல்லும் நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறையும் வேண்டும். பியெரும் ஒரு கதவைக் கொண்டு நோயைக் கண்டார். கருவி இலேசாகிவிட்ட இக்காலத்தில், நம் மக்களுக்குக் குறைவாயிருப்பது கருவியன்று, ஒழுங்கே.