எல்லை வரைந்த ஏடுகளும் எல்லை கடந்த ஏடுகளும்



"உங்கள் மொழி எது? உங்கள் நாடு எது?" என்னும் இரு வினாக்களும் பார்வைக்கு எளியவை. ஆயினும் வரலாற்றில் அரசுகளை ஆக்கியவையும் பிளந்தவையும் இவ்வினாக்களே. இவற்றுக்கு விடை தேடிய மக்கள் பெரும்பாலும் தம் இலக்கியத்தையே முதற்சான்றாக எடுத்து வைத்தனர். இலக்கியம் ஒரு மக்கள் கூட்டத்திற்கு "நாம்" என்னும் உணர்வைத் தருகிறது. அந்த "நாம்" யாரைச் சேர்த்துக் கொள்கிறது, யாரை விலக்கி வைக்கிறது என்பதில்தான் தேசிய உணர்வின் நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் திருவள்ளூர் மாவட்டமே ஒரு சான்றாக விளங்குகிறது.

நூல் வரைந்த எல்லை

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடக்கே வேங்கட மலையையும் தெற்கே குமரியையும் எல்லையாகக் கூறுகிறது. ஓர் இலக்கண நூலின் முகப்பில் புலவர் ஒருவர் குறித்து வைத்த இச்செய்தி, 20ஆம் நூற்றாண்டில் அரசியல் கோரிக்கையாக உருவெடுத்தது. 1946ஆம் ஆண்டு தமிழரசுக் கழகத்தைத் தொடங்கிய ம.பொ.சிவஞானம் அவர்கள், சிலப்பதிகாரத்தைத் தமிழ்த் தேசிய இனத்தின் காப்பியமாக மேடைதோறும் முழங்கினார். சேர, சோழ, பாண்டிய நாடுகள் மூன்றையும் ஒரே கதையில் இணைத்த நூல் அது என்பதே அவர் காட்டிய காரணம். சிலம்புச் செல்வர் என்னும் பட்டமும் அவருக்கு நிலைத்தது.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. அதிலிருந்த திருத்தணியும் சென்றது. ம.பொ.சி. அவர்களும், அவ்வட்டாரத்தில் தமிழ்ப் பணியாற்றிய மங்கலங்கிழாரும் வளர்த்த வடக்கெல்லைப் போராட்டம் தொடர்ந்தது. பின்னர் படாஸ்கர் அவர்கள் நடுவராக அமர்த்தப்பட்டு, ஊரை அலகாகவும் அங்குப் பெரும்பான்மையோர் பேசும் மொழியை அளவுகோலாகவும் கொண்டு எல்லை வகுக்கப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. அதே ஏற்பாட்டில் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. வேங்கட மலையோ ஆந்திரத்திலேயே நின்றது.

இதில் நாம் கருத வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பழம்பாடல் கோரிக்கைக்கு உயிரூட்டியது; ஆனால் எல்லையை முடிவு செய்தது அவ்வூர்களில் வாழ்ந்த மக்களின் அன்றாடப் பேச்சு. கோடு வரைந்த பின்னரும் இப்பக்கத்தில் தெலுங்கு பேசுவோரும், அப்பக்கத்தில் தமிழ் பேசுவோரும், இரு பக்கங்களிலும் உருது பேசுவோரும் வாழவே செய்கின்றனர். கோடு நிர்வாகத்தைப் பிரித்ததேயன்றி அண்டை வீட்டாரைப் பிரிக்கவில்லை.

எல்லை கடந்த ஏடுகள்

வேங்கடத்திற்கும் குமரிக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் முஸ்லிம்களின் இடம் யாது? இவ்வினாவுக்கு விடை, வடக்கெல்லைப் போராட்டத்திற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இலக்கியமாக எழுதப்பட்டுவிட்டது.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறுப் புலவர், கடிகை முத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். வள்ளல் சீதக்காதியும் அபுல் காசிம் மரைக்காயரும் ஆதரிக்க, பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றை ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணமாகப் பாடினார். தமிழ்க் காப்பிய மரபுப்படி நாட்டுப் படலமும் நகரப் படலமும் அதில் உள்ளன. அரபு நாட்டைப் பாட வந்த புலவர், மழை பொழிந்து ஆறு பெருகி வயல் விளையும் தமிழ் மருத நிலத்தையே அங்குக் காட்டுகிறார். பாலைவனம் எது, நெல்வயல் எது என்று அறியாமல் செய்த பிழையன்று இது. தம் மார்க்கத்தின் வரலாற்றைத் தம் மண்ணின் மொழியில் பாடும்போது, அம்மண்ணின் அழகையும் அதற்கு உரிமையாக்கிய செயல் இது. தமிழர் என்பதும் முஸ்லிம் என்பதும் ஒன்றையொன்று தள்ளும் இரு அடையாளங்கள் அல்ல என்பதை உமறு வாதிட்டு நிறுவவில்லை, பாடியே நிறுவிவிட்டார்.

நம் கடற்கரையும் இதற்குச் சான்று கூறும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா, பழவேற்காட்டு முஸ்லிம் வணிகரைக் குறிப்பிடுகிறார். டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டளவில் கெல்டிரியா கோட்டையை அங்கு எழுப்புவதற்கு நெடுங்காலம் முன்பே அது புகழ்பெற்ற துறைமுகம். காயல்பட்டினம், கீழக்கரை, பழவேற்காடு முதலிய கடற்கரை ஊர்களில் அரபுத் தமிழ் வழங்கியது. மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் இட்டுப் புதிய எழுத்துக்களை ஆக்கிக் கொண்டனர். தமிழ் நெடுங்கணக்கைக் கற்கும் வாய்ப்பற்ற பெண்களும், குர்ஆன் ஓதக் கற்றிருந்ததால், இவ்வெழுத்தின் வழியே தமிழ் நூல்களைப் படித்தனர்.

பழவேற்காட்டிலிருந்து ஏடுகள் மட்டுமா பயணம் செய்தன? இக்கரையின் துணியும் கடல் கடந்தது. மலேசிய முஸ்லிம்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு "காயின் பெலிகாட்" என்று பெயர். அப்பெயரில் ஒலிப்பது பழவேற்காடே. நம் கரையின் சரக்கு மற்றொரு நாட்டாரின் அடையாள உடையாயிற்று. அடையாளம் என்பது கொண்டும் கொடுத்தும் வளர்வது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

1949ஆம் ஆண்டின் குரல்

1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபை இந்தியாவின் ஆட்சிமொழி பற்றி விவாதித்தது. நாடு பிரிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. முஸ்லிம்களின் நாட்டுப்பற்று ஐயத்தோடு நோக்கப்பட்ட காலம் அது. அச்சபையில் எழுந்து பேசிய கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் அவர்கள், பழமையே அளவுகோல் என்றால் திராவிட மொழிகளே, அவற்றுள்ளும் தமிழே முந்தியது என்றும், அதுவே தம் மொழி என்றும் பெருமிதத்தோடு எடுத்துரைத்தார். முஸ்லிம் லீகின் தலைவராகிய அவர், தமிழுக்காகவும் இந்தியாவின் பிரதிநிதியாகவும் ஒரே மூச்சில் பேச முடிந்தது. அதில் அவருக்கு முரண்பாடு எதுவும் தோன்றவில்லை.

அதே காலத்தில் மற்றொரு நாட்டில் நிகழ்ந்ததை இங்கு ஒப்பிட்டு நோக்குதல் தகும். பாகிஸ்தானில் உருது ஒன்றே அரசு மொழி என்று 1948இல் அறிவிக்கப்பட்டது. கிழக்குப் பகுதியின் வங்காளியர், மார்க்கத்தால் ஒன்றுபட்டிருந்தும், தம் மொழியை இழக்க இசையவில்லை. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தனர். 1971இல் வங்காளதேசம் பிறந்தது. அந்த பிப்ரவரி 21ஐயே உலகத் தாய்மொழி நாளாக யுனெஸ்கோ 1999இல் அறிவித்தது. ஒரே மார்க்கம் என்பது மட்டுமே ஒரு நாட்டைக் கட்டிக் காக்கப் போதவில்லை. ஒரே மொழி என்னும் வற்புறுத்தல் அதனைப் பிளந்தது.

இந்திய அரசியல் சட்டமோ எந்த மொழியையும் "தேசிய மொழி" என்று பெயரிடவில்லை. ஒன்றிய அரசின் ஆட்சிமொழியை மட்டுமே குறித்தது. எட்டாவது அட்டவணையில் தொடக்கத்தில் இடம்பெற்ற 14 மொழிகளுள் தமிழும் உண்டு, உருதும் உண்டு. இன்று அவை 22. தோப்பில் முஹம்மது மீரானின் "சாய்வு நாற்காலி" 1997ஆம் ஆண்டுக்கும், கவிக்கோ அப்துல் ரகுமானின் "ஆலாபனை" 1999ஆம் ஆண்டுக்கும் சாகித்திய அகாதெமி விருது பெற்றன. ஒரு கடற்கரை முஸ்லிம் ஊரின் பேச்சு வழக்கு இந்திய இலக்கியமாக மதிக்கப்பட்டது என்றால், அது நம் தேசியத்தின் பரப்பைக் காட்டுவதாகும்.

நம் கடமை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம் முதலிய மாநிலத்தார் பணிபுரிகின்றனர். இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாமும் இங்கு உண்டு. ஆந்திர எல்லையோ கூப்பிடு தூரம். ஜும்ஆவின் ஒரே வரிசையில் தமிழும் உருதும் வங்காளமும் பேசுவோர் தோளோடு தோள் நிற்கின்றனர். மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையின் 30ஆம் அத்தியாயம் கூறுகிறது. ஆகவே வந்தவரை "வெளியூரார்" என்று ஒதுக்குவது நமக்கு அழகன்று. அவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தறிவிப்பதே அழகு.

அதே வேளையில் நம் பிள்ளைகளையும் எண்ணிப் பார்ப்போம். சீறாப்புராணம் என்னும் பெயரைப் பாடநூலில் கண்டதன்றி அதன் ஒரு படலத்தையேனும் படித்தோர் எத்தனை பேர்? பாட்டனார் வைத்துச் சென்ற அரபுத் தமிழ்க் கிதாபுகள் பரணில் செல்லரிக்கின்றன; வாசிக்கத் தெரிந்த முதியோரோ அருகி வருகின்றனர். "நீங்கள் இம்மண்ணுக்கு உரியவரா?" என்று எவரேனும் நம் பிள்ளையைக் கேட்கும் நாளில், அவன் எடுத்துக் காட்ட வேண்டிய பட்டயங்கள் இவையே. பட்டயத்தைத் தொலைத்தவன் வழக்கில் வெல்வது அரிது.

எனவே வீடுகளில் கிடக்கும் பழைய ஏடுகளையும் கிதாபுகளையும் தூக்கி எறியாமல் பள்ளிவாசல் நூலகத்தில் ஒப்படைப்போம். மக்தப் மதரஸாவில் வாரம் ஒரு வேளை இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் கற்பிக்க ஏற்பாடு செய்வோம். எழுத்துத் தெரிந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே அரபுத் தமிழை இளையோர் சிலராவது கற்றுக் கொள்ளட்டும். மார்க்கமும் மொழியும் நாடும் ஒன்றோடொன்று இணங்கி வாழும் என்று காட்டிச் சென்ற முன்னோரின் வழியில் நாமும் நடக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.