ஊரில் அப்பா, அம்மா... சென்னையிலிருந்தே கெய்சரை ஆன் செய்யலாமா? ஸ்மார்ட் பிளக் மாட்டும் முன் தெரிய வேண்டியவை

மார்கழி மாதம், காலை 5 மணி. திண்டிவனத்தில் அப்பா குளிக்க எழுவதற்குள், சென்னையில் போர்வைக்குள் இருந்தபடியே மகன் செல்போனைத் தட்டுகிறார். ஊர் வீட்டு கெய்சர் ஆன் ஆகிறது. அரை மணி நேரத்தில் அதுவாகவே ஆஃப் ஆகிவிடுகிறது. ஆயிரம் ரூபாயைச் சுற்றி விற்கும் ஒரு ஸ்மார்ட் பிளக்கில் இது நடந்துவிடும்.

வசதிதான், சந்தேகமே இல்லை. ஆனால் இது டேபிள் லேம்ப் அல்ல. 2,000 வாட் கரண்ட், தண்ணீர், ஈரத்தரை, வயதானவர்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேரும் விஷயம். அதனால் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வெளிநாட்டில் மாட்டுவதும் இதுவும் ஒன்றா?

இல்லை. இங்கிலாந்து, அயர்லாந்து கிராமப்புறங்களில் வீட்டையும் தண்ணீரையும் சூடாக்க மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் பாய்லர் வைத்திருப்பார்கள். வட அயர்லாந்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் எண்ணெய் பாய்லர்தான். அங்கே மாட்டும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் அறையின் வெப்பநிலையை அளந்து, போதும் என்றால் பாய்லரை நிறுத்தச் சொல்லும். பாய்லருக்குள் கை வைக்கும் வேலையை அதற்கெனப் பதிவு பெற்ற டெக்னீஷியன்தான் செய்வார்.

நம் ஊர் ஸ்மார்ட் பிளக்குக்குச் சூட்டை அளக்கத் தெரியாது. தண்ணீர் எவ்வளவு சூடு, டேங்கில் தண்ணீர் இருக்கிறதா, பாத்ரூமில் ஆள் இருக்கிறாரா, எதுவும் தெரியாது. கரண்டைக் கொடுக்கும், நிறுத்தும். அவ்வளவுதான். சூட்டைக் கட்டுப்படுத்துவது இப்போதும் கெய்சருக்குள் இருக்கும் பழைய தெர்மோஸ்டாட்தான். அது கெட்டுப்போயிருந்தால் ஸ்மார்ட் பிளக் காப்பாற்றாது. வைஃபை வசதியோடு கம்பெனியே தயாரித்து விற்கும் கெய்சர்கள் இந்த விஷயத்தில் மேல். அவை தண்ணீரின் சூட்டையும் ஆப்பில் காட்டும். புதிதாகவே வாங்கப் போகிறீர்கள் என்றால் அதைப் பாருங்கள்.

இ.பி. பில் எவ்வளவு குறையும்?

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 0.6 யூனிட் ஆகும். 2,000 வாட் கெய்சருக்கு 18, 20 நிமிட வேலை. 25 லிட்டர் என்றால் ஒரு யூனிட், அரை மணி நேரம். ஸ்மார்ட் பிளக் மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

மிச்சமாவது மறதியில் போகும் கரண்ட் மட்டும்தான். கெய்சரை நாள் முழுக்க ஆனில் விட்டால் 24 மணி நேரமும் 2,000 வாட் இழுக்காது. சூடானதும் தெர்மோஸ்டாட் நிறுத்தும், ஆறியதும் மறுபடி போடும். இப்படி ஆறி ஆறி வீணாகும் கரண்டை வைத்துதான் கெய்சருக்கு நட்சத்திரக் குறியீடே தருகிறார்கள். அதாவது ஸ்விட்சை ஒழுங்காக அணைக்கும் வீட்டில் சேமிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மறக்கிற வீட்டில் கதை வேறு. நாளுக்கு அரை யூனிட் வீண் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 30 யூனிட். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் முறையே மாறிவிடும் என்பதுதான் இங்கே சிக்கல். 2024 ஜூலையில் வீடுகளுக்கு வந்த கட்டணப்படி 490 யூனிட்டுக்கு 1,742 ரூபாய். அதே வீடு 520 யூனிட் ஓட்டினால் 2,208 ரூபாய். 30 யூனிட்டுக்கு 466 ரூபாய் கூடுதல். 101 முதல் 200 யூனிட் வரை 2 ரூபாய் 35 காசு என்ற சலுகை விலை, 500-ஐத் தாண்டியவர்களுக்குக் கிடையாது. அந்த நூறு யூனிட்டுக்கும் 4 ரூபாய் 70 காசு ஆகிவிடும். உங்கள் வீட்டு பில் 480, 490 என்று எல்லையில் நிற்கிறதா? அப்படியானால் இந்த பிளக் ஒரு சீசனிலேயே போட்ட காசில் பாதியை எடுத்துவிடும். 250 யூனிட் ஓட்டும் வீட்டுக்குப் பணத்துக்காக இது தேவையே இல்லை.

எந்த பிளக் வாங்குவது?

2,000 வாட் கெய்சர் 9 ஆம்ப்ஸ் அளவுக்கு இழுக்கும். 3,000 வாட் என்றால் 13 ஆம்ப்ஸ். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 6 ஆம்ப்ஸ், 10 ஆம்ப்ஸ் பிளக்குகள் டிவி, மின்விசிறிக்குத்தான். கெய்சருக்கு 16 ஆம்ப்ஸ், ஐ.எஸ்.ஐ. முத்திரை இரண்டும் இருக்க வேண்டும். 10 ஆம்ப்ஸ் பிளக் முதல் நாள் வேலை செய்யும், முதல் வாரமும் வேலை செய்யும். உள்ளே காண்டாக்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகுவது வெளியே தெரியாது.

பிளக்கை மாட்டும் சாக்கெட்டும் முக்கியம். பத்து, பதினைந்து வருட பழைய பவர் சாக்கெட் லூசாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். சின்ன பிளக்கை பெரிய சாக்கெட்டில் சொருக அடாப்டர் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கெய்சருக்கு அது வேண்டவே வேண்டாம். பாத்ரூமுக்குள் சாக்கெட் இருந்தால் ஆவி படும். வெளியே இருக்கும் ஸ்விட்ச் போர்டில் பொருத்துவதுதான் சரி. உரிமம் உள்ள வயர்மேனை ஒரு மணி நேரம் கூப்பிட்டால் போதும்.

ஆப்பில் 'ஆஃப்' என்று காட்டினால் நிஜமாகவே ஆஃப்தானா?

கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலான ஸ்மார்ட் பிளக்குகள் ஒரு வயரை மட்டும்தான் துண்டிக்கும். சுவர் சாக்கெட்டில் பேஸ், நியூட்ரல் சரியாக இருந்தால் துண்டிக்கப்படுவது பேஸ். பழைய வீடுகளில் இரண்டும் மாறியிருப்பது சகஜம். அப்போது துண்டிக்கப்படுவது நியூட்ரல். ஆப் 'ஆஃப்' என்று காட்டும், ஆனால் கெய்சரின் காயில் வரை பேஸ் வந்து நிற்கும். காயிலில் விரிசல் இருந்தால் கரண்ட் தண்ணீருக்குக் கசியும். போர்வெல் உப்புத்தண்ணீர் ஓடும் வீடுகளில் காயில் மேல் வெள்ளையாகப் படிவு ஏறி, காயில் அதிகச் சூடாகி, இந்த விரிசல் சீக்கிரமே வரும்.

அதனால் மூன்று விஷயம் கட்டாயம். ஒன்று, சரியான எர்த். மூன்று முனை சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, வயர்மேன் டெஸ்ட் செய்து சொல்ல வேண்டும். இரண்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கசிவு வந்த நொடியில் கரண்டைத் துண்டிப்பது இதுதான். எம்.சி.பி. இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள், அது ஆள் மேல் பாயும் சிறிய கசிவுக்கு விழாது. மூன்று, பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டி.பி. ஸ்விட்ச். குளிக்கப் போகும் முன் அப்பா அந்த ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். குளித்துவிட்டு வந்து போட்டால் போதும்.

'அப்போ எழுந்து போய் ஸ்விட்சைத் தொடணும்னா, எதுக்கு ஸ்மார்ட்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். விடியற்காலையில் எழுந்து போட்டுவிட்டு அரை மணி நேரம் குளிரில் காத்திருக்க வேண்டாம், மறந்தாலும் தானாக நிற்கும். இந்த இரண்டுக்காகத்தான். பாதுகாப்பு வேலையை போனிடம் விடக் கூடாது.

டேங்கில் தண்ணீர் இல்லாவிட்டால்?

மாடி டேங்க் காலியானாலும் சாதாரணமாக கெய்சருக்குள் தண்ணீர் நிற்கும், ஏனென்றால் வெந்நீர் மேல்பகுதியிலிருந்துதான் வெளியேறும். ஆனால் தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் ஒருவழி வால்வு இல்லையென்றால், அல்லது அது பழுதென்றால், இருக்கும் தண்ணீரும் கீழே இறங்கிவிடலாம். சர்வீஸ் செய்தவர் தண்ணீரை வடித்துவிட்டுப் போயிருக்கலாம். வெறும் கெய்சரை சென்னையிலிருந்து ஆன் செய்தால் காயில் எரிந்துவிடும். பிளம்பர் வந்து போன அன்று ஆப்பைத் தொடாதீர்கள். வீட்டில் ஒருவர் வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறது என்று சொன்ன பிறகு போடுங்கள்.

அதேபோல், சொல்லாமல் ஆன் செய்யும் பழக்கமும் ஆபத்து. அங்கே ஒருவர் கெய்சரைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. அம்மாவிடம் பேசினது போலவும் ஆச்சு.

கரண்ட் போய் வந்தால்?

2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலில் திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் பல இடங்களில் மின்சாரம் இல்லை. இப்படிப்பட்ட நாளில் கரண்ட் திரும்பி வரும்போது உங்கள் பிளக் என்ன செய்யும்? ஆப் செட்டிங்கில் இதற்கு மூன்று விருப்பங்கள் இருக்கும்: ஆன், ஆஃப், கடைசியாக இருந்த நிலை. பல பிளக்குகள் 'கடைசி நிலை'யில்தான் வருகின்றன. கெய்சருக்கு 'ஆஃப்' வையுங்கள். இல்லாவிட்டால் கெய்சர் ஓடும்போது கரண்ட் போய், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் தானாக ஆன் ஆகும்.

அடுத்து, வைஃபை. ஆன் செய்த பிறகு நெட் போய்விட்டால் அணைக்கும் கட்டளை போய்ச் சேராது. அதனால் அரை மணி நேரத்தில் ஆஃப் ஆகும் டைமரைக் கட்டாயம் வையுங்கள். அந்த டைமர் பிளக்குக்குள்ளேயே ஓடுகிறதா, இல்லை கம்பெனியின் சர்வரை நம்பியிருக்கிறதா? கண்டுபிடிப்பது சுலபம். 5 நிமிட டைமர் போட்டு, ஆன் செய்து, வீட்டு ரூட்டரை அணைத்துவிடுங்கள். 5 நிமிடத்தில் பிளக் ஆஃப் ஆனால் தைரியமாக வைத்துக்கொள்ளலாம். ஆகவில்லையா, கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆப்பில் பிளக் சேரவே மாட்டேன் என்கிறதா? பெரும்பாலும் ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போனை இணைத்தால் சேர்ந்துவிடும்.

எதற்கு மாட்டவே கூடாது?

பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு. இதற்குத் தெர்மோஸ்டாட் கிடையாது, தண்ணீர் வற்றினாலும் எரிந்துகொண்டே இருக்கும், குழந்தை கை விட்டால் முடிந்தது. தூரத்திலிருந்து இதை ஆன் செய்யும் யோசனையே வேண்டாம். கேஸ் கெய்சருக்கும் வேண்டாம். அங்கே பிரச்சினை கார்பன் மோனாக்சைடு, காற்றோட்டம்தான் தீர்வு. ஒன்று, மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கு மாட்டிப் பயனில்லை, அது நொடியில் சூடாகிவிடும்.

நல்ல பொருத்தம் எது தெரியுமா? மொட்டைமாடி சோலார் ஹீட்டரில் மழை நாளுக்காக வைத்திருக்கும் எலெக்ட்ரிக் காயில். அதை ஆனில் விட்டு மறந்தால் வெயில் செய்ய வேண்டிய வேலையைக் கரண்ட் செய்துகொண்டிருக்கும். அது டி.பி. ஸ்விட்ச் வழியாக நேரடியாக வயர் செய்யப்பட்டிருக்கும் என்பதால், பிளக்குக்குப் பதில் வயர்மேன் மூலம் தகுந்த ஆம்ப்ஸ் உள்ள ஸ்மார்ட் ஸ்விட்சைப் பொருத்த வேண்டும்.

மாட்டிய பிறகு

முதல் நாள் வீட்டில் நீங்கள் இருக்கும்போதே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் வாசனை, சாக்கெட் ஓரம் பழுப்பு நிறம், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கழற்றிவிடுங்கள். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தச் சொல்லி அப்பாவிடம் காட்டிக்கொடுங்கள். அழுத்தியதும் கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள், கெய்சர் அதுவரை ஆஃபில் இருக்கட்டும்.