மாடுலர் சின்தசைசரில் ஏடி9833 அலைவடிவச் சிப்

ஏடி9833 என்பது அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் அலையாக்கிச் சிப். சைன், முக்கோணம், சதுரம் ஆகிய அலைகளை எண்முறையில் உருவாக்கும் இதை, வீட்டிலேயே மாடுலர் சின்தசைசர் கட்டுவோர் பயன்படுத்துகின்றனர்.

1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அமைத்துக் கொடுத்த மூக் மாடுலர் கருவியின் அலையாக்கிகள் அனலாக் வகை. அவ்வகையில் வெப்பம் ஏறினால் சுருதி நகரும். ஏடி9833இல் சுருதி குவார்ட்ஸ் படிகத்தைச் சார்ந்தது. குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களில் நேரத்தைச் சீராக வைப்பதும் இப்படிகத்தின் அதிர்வுதான்.

படிகத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் சிப் தன் 28 பிட் கணக்கில் ஓர் எண்ணைக் கூட்டுகிறது. கூட்டுத்தொகைக்குரிய அலை மதிப்பை 10 பிட் மாற்றி மின்னழுத்தமாக்குகிறது. 25 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் 440 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு எழுத வேண்டிய எண் 4,724. அடுத்தடுத்த எண்களுக்கு இடைவெளி 0.093 ஹெர்ட்ஸ். மேல் ஸ்தாயியில் இது காதுக்குத் தெரியாது. 27.5 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 6 சென்ட் ஆகிவிடும். அரைச்சுரம் 100 சென்ட். படிகத் துடிப்பை 1 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தால் இடைவெளி 0.004 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். இசைக்கு அதுவே தாராளம்.

சுருதி பிசகுவது பெரும்பாலும் சிப்புக்கு வெளியேதான். ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்ற கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை இச்சிப் நேரடியாக ஏற்காது. மைக்ரோகன்ட்ரோலர் அதை அளந்து எண்ணாக்கித் தர வேண்டும். ஆர்டுயினோ யூனோவின் 10 பிட் அளவி ஐந்து ஸ்தாயிகளுக்கு 6 சென்ட் படியே தரும். 12 பிட் அளவி வைத்தால் 1.5 சென்ட்.

வெளியீடு சுமார் 0.6 வோல்ட். யூரோராக் வகை மாடுலர் சின்தசைசரின் 10 வோல்ட் அளவுக்கு உயர்த்த ஆப்-ஆம்ப் பெருக்கி தேவை. சதுர அலை மட்டும் மின்வழங்கல் அளவுக்கே எழும் என்பதால் அதைத் தனியே தணிக்க வேண்டும். ஒலியளவுக் கட்டுப்பாடு கிடையாது. மேற்சுரங்கள் நிறைந்த ரம்பப்பல் அலையும் இல்லை. வடிகட்டியை நம்பிய இசைக்கு இது பெரிய குறை.

பத்துக் கால்களும் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கியிருப்பதால் கையால் பற்றவைப்பது கடினம். படிகத்தோடு வரும் ஆயத்தப் பலகையே வசதி. பெங்களூரு எஸ்.பி. ரோடு இத்தகைய உதிரிகளுக்குப் பெரிய சந்தை.

தம்பூராபோல் இடைவிடாது ஒலிக்கும் சுருதிக்கு இச்சிப் மிகப் பொருத்தம். ஒரே படிகத்தில் இரண்டு சிப்புகளை இணைத்து ஒரே சுரத்தில் வைத்தால் அனலாக் இணையில் எழும் மெல்லிய அசைவு வராது, ஒலி வறண்டிருக்கும். ஒன்றைச் சில சென்ட் தள்ளி வைத்தால் அது தீரும்.