இறுதிநாட் பந்துவீச்சு



விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் பதிவேட்டின் எண்களைக் கொண்டே எழுதப்படுகிறது. ஒருவர் இத்தனை ஓவர் வீசினார், இத்தனை ஓட்டம் கொடுத்தார், இத்தனை விக்கெட் வீழ்த்தினார் என்ற ஒரே வரிக்குள் ஒரு மனிதருடைய முழுநாள் உழைப்பும் அடங்கிவிடுகிறது. கிண்ணத்துக்குரிய இறுதிப் போட்டியாயின் அவ்வரிக்கு மதிப்பு மேலும் கூடுகிறது. ஆனால் அந்த வரி சொல்வதுதான் முழு உண்மையா? தோற்ற அணியின் பக்கத்தில் அது எழுதப்பட்டிருந்தால் அதற்குரிய இடத்தை நாம் கொடுக்கிறோமா? இவ்விரு வினாக்களையும் இலங்கை அணி ஆடிய சில இறுதிப் போட்டிகளைக் கொண்டு இன்று ஆராய விரும்புகிறேன்.

பல்லேகம போன்ற கிராமங்களிலே புத்தாண்டுக் காலத்தில் எல்லே ஆடுவதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். மூங்கிற் கழியாற் பந்தை அடித்துவிட்டு, குறித்த தரிப்புகளைக் கடந்து வட்டமாக ஓடிவருவது அவ்விளையாட்டு. அமெரிக்கருடைய பேஸ்போலும் ஏறத்தாழ இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அங்கே பந்தெறிபவரே ஆட்டத்தின் அச்சாணி. அவர் நன்றாக எறிந்தால் மற்ற எண்மருக்கும் அன்று வேலை குறைவு. 1905ஆம் ஆண்டு உலகத் தொடரிலே கிறிஸ்டி மத்தியூசன் என்பவர் ஆறு நாளுக்குள் மூன்று ஆட்டங்களில் எறிந்து, மூன்றிலும் எதிரணியை ஓர் ஓட்டந்தானும் எடுக்கவிடவில்லை. அவர் ஏற்கெனவே புகழ்பெற்ற வீரர். ஆகவே அதில் வியப்பில்லை என்று சொல்லிவிடலாம்.

வியப்பெல்லாம் டொன் லார்சனிடத்திலேதான். 1954இல் அவர் பொறுப்பில் முடிந்த ஆட்டங்களில் வென்றவை 3, தோற்றவை 21. 1956ஆம் ஆண்டு உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்திலே நிலைகொள்ளாமல் எறிந்ததால், இரண்டாவது இன்னிங்ஸ் முடியுமுன்னரே அவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். அதே மனிதர் ஒக்டோபர் 8ஆந் திகதி ஐந்தாவது ஆட்டத்திலே நியூயோர்க் யாங்கீஸ் அணிக்காக மீண்டும் எறிய வந்தார். புரூக்லின் டொட்ஜர்ஸ் அணியின் இருபத்தேழு முறைகளிலும் ஒருவர்கூட முதலாம் தரிப்பை அடையவில்லை. அதற்கு அவர் எறிந்த பந்துகள் 97. உலகத் தொடர் வரலாற்றில் அத்தகைய நிறைவான ஆட்டம் வேறொன்றில்லை. அவருடைய வாழ்நாட் கணக்கோ 81 வெற்றி, 91 தோல்வி. இறுதிக் கட்டத்தில் நிகழும் சாதனை, அதை நிகழ்த்தியவருடைய மொத்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதன்று என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கிரிக்கெட்டுக்கு வருவோம். 1979இல் லோர்ட்ஸ் மைதானத்தில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் மேற்கிந்தியத் தீவுகளின் ஜோயல் கார்னர் 38 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் வீழ்த்தினார். இரண்டு விக்கெட் இழப்புக்கு 183 என்று நின்ற இங்கிலாந்து 194இல் முடிந்தது. எண்களும் வெற்றியும் ஒன்றுசேர்ந்த நிகழ்ச்சி அது.

நமது 1996 அப்படிப்பட்டதன்று. மார்ச் 17ஆந் திகதி லாகூரிலே அவுஸ்திரேலிய அணி ஒரு விக்கெட்டுக்கு 137 ஓட்டம் எடுத்து வலுவாக நின்றது. முந்நூறை எட்டிவிடுமோ என்று வானொலிப் பெட்டியருகே இருந்தோர் அஞ்சிய வேளை. அப்போது அரவிந்த டி சில்வா தமது மெதுவான பந்துகளால் அணித்தலைவர் டெய்லரையும் இளைஞர் பொண்டிங்கையும் வெளியேற்றினார். ஐம்பது ஓவர் முடிவில் அவுஸ்திரேலியா ஏழு விக்கெட்டுக்கு 241 ஓட்டம் மட்டுமே பெற்றது. அரவிந்தவின் ஆட்டமிழக்காத 107 ஓட்டங்களை ஊரே பாடுகிறது. அவர் 42 ஓட்டங்களுக்கு வீழ்த்திய மூன்று விக்கெட்டுகளைச் சொல்லுவோர் சிலரே. கண்டி தந்த தமிழ் மைந்தர் முத்தையா முரளிதரன் அன்று பத்து ஓவர் வீசி 31 ஓட்டமே கொடுத்தார் என்பதை நினைவில் வைத்திருப்போர் அதனினும் சிலர். அவர் பெற்றது ஒரே விக்கெட். ஆயினும் ஒரு முனையில் ஓட்டம் வறண்டபடியாற்றான் மறுமுனையில் விக்கெட் விழுந்தது என்பது என் துணிபு.

இனி அஜந்த மெண்டிஸ். இவர் மொறட்டுவையிற் பிறந்தவர். இராணுவத்தின் பீரங்கிப் படையில் இருந்து தேசிய அணிக்கு வந்தவர். கெரம் ஆட்டத்தில் காயைச் சுண்டுவதுபோல் நடுவிரலாற் பந்தைச் சுண்டிவிடுவது இவருடைய வித்தை. கைச்சைகையைக் கொண்டு பந்து எப்பக்கம் திரும்பும் என்று துடுப்பாட்டக்காரர் ஊகிக்க முடியாது. 2008 ஜூலை 6ஆந் திகதி கராச்சியில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. இலங்கையின் 273ஐத் துரத்திய இந்தியா, சேவாக்கின் அதிரடியால் ஒன்பது ஓவரில் ஒரு விக்கெட்டுக்கு 76 என்று விரைந்தது. பத்தாவது ஓவர் மெண்டிஸிடம் கொடுக்கப்பட்டது. அந்த ஓவரிலேயே சேவாக்கும் யுவராஜும் வெளியேறினர். இந்தியா 173இல் அடங்கியது. மெண்டிஸின் வரி: எட்டு ஓவர், 13 ஓட்டம், 6 விக்கெட்.

இந்தக் கணக்கை இந்தியா 2023 செப்டெம்பர் 17ஆந் திகதி, அதே கிண்ணத்தின் இறுதிப் போட்டியில், கொழும்பிலே தீர்த்துக்கொண்டது. முகம்மது சிராஜ் ஒரே ஓவரில் நால்வரை வெளியேற்றி, மொத்தம் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். நமது அணி 50 ஓட்டங்களோடு சுருண்டது. அன்று தமக்குக் கிடைத்த ஆட்டநாயகன் பரிசுப் பணத்தை அவர் மைதானப் பணியாளருக்கே கொடுத்துவிட்டார். எதிரணியினரானாலும் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மெண்டிஸின் ஆறு விக்கெட்டைப் பற்றிப் பேசாத கிரிக்கெட் அன்பர் இல்லை. ஆனால் அவருடைய மேலான இறுதிநாள் அதுவன்று என்பேன். கராச்சியில் இந்திய வீரர் அவருடைய பந்தை அதற்குமுன் எதிர்கொண்டதில்லை. புதுமை பாதி வேலையைச் செய்தது. நான்கு ஆண்டுகள் சென்றன. உலக அணிகள் யாவும் அவருடைய விரலசைவைப் படம் பிடித்துப் பார்த்துப் பாடமாக்கிக்கொண்டன. வித்தை வெளிப்பட்ட பின்னரும் வெல்லுவது எளிதன்று.

2012 ஒக்டோபர் 7, கொழும்பு பிரேமதாச மைதானம், இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. 2007, 2009, 2011 என மூன்று உலக இறுதிகளில் அடுத்தடுத்துத் தோற்ற இலங்கை, சொந்த மண்ணிலே நின்றது. பத்து ஓவர் முடிவில் மேற்கிந்தியத் தீவுகள் இரண்டு விக்கெட்டுக்கு 32. அச்சமூட்டும் கெயிலைப் பதினாறு பந்துகளில் மூன்றே ஓட்டத்தோடு அனுப்பியவர் மெண்டிஸ். பின்னர் பிராவோ, பொலார்ட், ரசல் ஆகியோரும் அவர் கையில் வீழ்ந்தனர். நான்கு ஓவர், 12 ஓட்டம், 4 விக்கெட்.

மறுமுனையிலோ வேறு கதை. மார்லன் சாமுவேல்ஸ் 56 பந்தில் 78 ஓட்டம் குவித்தார். லசித் மாலிங்க நான்கு ஓவரில் 54 ஓட்டம் கொடுத்தார். 138 என்ற இலக்கை நோக்கி ஆடிய இலங்கை 101இல் வீழ்ந்தது. மறுநாட் பேச்செல்லாம் சாமுவேல்ஸின் ஆறுகளும் நமது துடுப்பாட்டத்தின் சரிவும்தான். பன்னிரண்டு ஓட்டத்துக்கு நான்கு என்ற வரி தோல்வியின் அடியிலே புதைந்து கிடந்தது. கிண்ணம் வென்றிருந்தால் அவ்வரியை நம் பாடசாலைப் பிள்ளைகள் வாய்ப்பாடாக ஒப்புவித்திருப்பார்கள்! மெண்டிஸ் 2019இல் ஓய்வு பெற்றார். அப்போதும் கராச்சி நினைவுகூரப்பட்ட அளவுக்குக் கொழும்பு நினைவுகூரப்படவில்லை.

மாலிங்கவுக்கு விதி மறுவாய்ப்பு ஒன்றைக் கொடுத்தது. 2014 ஏப்ரல் 6ஆந் திகதி, டாக்காவின் மிர்பூர் மைதானத்தில், அதே கிண்ணத்தின் இறுதிப் போட்டிக்கு அவரே அணித்தலைவர். இந்தியாவின் விராட் கோலி நன்றாக நிலைத்துவிட்டார். அன்று அவர் எடுத்தது 77. கடைசி நான்கு ஓவர்களில் அறுபது ஓட்டம்கூடப் பறந்துவிடக்கூடிய நிலை. மாலிங்க, குலசேகர, சேனநாயக்க ஆகிய மூவரும் மாறிமாறி வீசினர். துடுப்பின் எட்டுக்கு அப்பால், வெளிக்கோட்டை ஒட்டி, காலடியில் விழும் பந்துகள். யுவராஜ் 21 பந்தில் 11 ஓட்டத்துக்கு மேல் எடுக்க முடியவில்லை. அந்த நான்கு ஓவரிலும் கிடைத்தது வெறும் 19 ஓட்டம். இந்தியா நான்கு விக்கெட்டுக்கு 130 என்று நின்றது. சங்கக்கார ஆட்டமிழக்காமல் 52 ஓட்டம் எடுத்துக் கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அன்றைய பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். மாலிங்கவின் பெயருக்கு நேரே விக்கெட் என்ற நிரலில், 2012ஆம் ஆண்டுத் தோல்வியிற் போலவே, பூச்சியந்தான் எழுதப்பட்டிருக்கிறது.