காக்கையும் கறுவாவும்

சிலாபத்துக் கடற்கரையில் வலை கரையேறும் வேளையில் காக்கைகள் கூடுவதைக் காணாதவர் இல்லை. எறிந்த மீன்குடலுக்கும் செவுளுக்கும் அவை போட்டியிடும். சிறகொடிந்த ஒன்று மணலில் விழுந்து தத்தளித்தால், கூட்டம் முழுவதும் மேலே வட்டமிட்டுக் கதறும். மனிதனோ கல்லைத் தேடுவான். அல்லது கண்டும் காணாதவன்போல் நடந்துவிடுவான். இறந்த பாட்டனாருக்குப் படைத்த சோற்றை உண்ண ஆளில்லாதபோதுதான் 'கா, கா' என்று கூவி அழைப்பான். இந்தப் பறவையை ஒரு காலத்தில் அரசாங்கமே சட்டமிட்டுக் காத்தது என்றால் நம்ப முடிகிறதா?

1658இல் போர்த்துக்கேயரை இத்தீவினின்று வெளியேற்றிய ஒல்லாந்தர், 1766இல் கண்டி மன்னனோடு செய்த உடன்படிக்கையால் கரையோரம் முழுவதற்கும் அதிபதிகளாயினர். சிலாபமும் புத்தளமும் அதில் அடங்கின. அவர்களது ஆட்சியில் காக்கையைக் கொன்றவர்க்குக் கடுந்தண்டனை காத்திருந்தது. இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் தெனன்ட், இலங்கையின் இயற்கை வரலாறு குறித்து 1861இல் வெளியிட்ட நூலில் இதனைக் குறிப்பிடுகிறார். காரணம் என்ன? ஜீவகாருண்யமா? அன்று. காக்கை கறுவாப் பழத்தைத் தின்று, அதன் விதையைக் காடெங்கும் எச்சத்தோடு விதைக்கிறது என அவர்கள் நம்பினர். கூலி கேளாத தோட்டக்காரன் அது! 1904இல் இலங்கைக் காக்கைக்கு மதராஸ் என்னும் அங்கேரிய அறிஞர் இட்ட விலங்கியற் பெயரிலும் பாதுகாப்பு என்னும் பொருள் ஒலிக்கிறது.

காக்கைக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, கறுவாப் பட்டை உரித்த மனிதனுக்குக் கிடைத்ததா? சலாகம சாதியினர் பரம்பரை பரம்பரையாக அவ்வூழியத்தில் பிணைக்கப்பட்டிருந்தனர். ஆளுக்கு இத்தனை எடை என்று அளந்து பட்டை கொடுக்கவேண்டும். காட்டில் யானைக்கும் காய்ச்சலுக்கும் பலியாகவேண்டும். உத்தரவின்றிக் கறுவா மரத்தை வெட்டினால் மரண தண்டனைகூட உண்டு. பொறுக்கமாட்டாமல் 1760 அளவில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1769இல், ஆளுநர் ஃபால்க் காலத்தில், கொழும்பு மருதானையில் கறுவா தோட்டப் பயிராயிற்று. மனிதன் கையாலேயே கன்று நடத் தொடங்கியபின், காக்கையின் தயவு எதற்கு?

கதை இத்துடன் முடியவில்லை. கோப்பிச் செடியைத் தின்னும் புழுக்களை ஒழிக்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்தே காக்கைகளைக் கப்பலேற்றி மலாயாவின் கிள்ளான் பகுதிக்குக் கொண்டுபோயினர் துரைமார். தமிழ்த் தொழிலாளரைத் தோட்டங்களுக்கு ஏற்றிச் சென்ற அதே காலம் அது. பின்னாளில் அந்தக் கிள்ளானிலேயே துப்பாக்கிக்காரரை அழைத்துக் காக்கைகளைச் சுட்டு வீழ்த்தினர். குப்பையைத் தின்று நகரைத் துப்புரவாக்கும் என்று 1890களில் சான்சிபார் தீவில் விடப்பட்ட காக்கை கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முழுதும் பரவிற்று. அங்கே பத்து இலட்சம் காக்கைகளை அழிக்கப்போவதாகக் கென்ய வனவிலங்குத் துறை 2024இல் அறிவித்தது. அயல்நாட்டில் அவை பிற பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் சூறையாடுகின்றன என்பது மெய்தான். ஆனால், தாமாக வழி கேட்டா அவை அங்கே சென்றன? பயன் கருதி அழைத்தவன், பயன் தீர்ந்ததும் குற்றவாளி என்கிறான். இந்த நீதியைத் தோட்டத் தொழிலாளர் நன்கறிவர்.

இன்னொரு மரபும் நமக்குண்டு. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் கிடைக்கச் செய்ததாக அசோகன் தன் இரண்டாம் பாறைச் சாசனத்தில் பொறித்தான். சோழ, பாண்டிய நாடுகளோடு தாமிரபரணியாகிய இலங்கையும் அதில் இடம்பெறுகிறது. நான்காம் நூற்றாண்டின் புத்ததாச மன்னன் நோயுற்ற நாகத்துக்கும் சிகிச்சை செய்தான் எனச் சூளவம்சம் கூறும். கதையாகவே இருக்கட்டும், நாகத்திடம் மன்னன் என்ன இலாபம் கண்டான்?

காயம்பட்ட காக்கையைப் பேணுவதும் இம்மரபைச் சேர்ந்ததே. காற்றுத் துளையிட்ட பெட்டியில், அரையிருளில், அரவமின்றி அதை வைக்கவேண்டும். அலகைப் பிளந்து நீரூற்றலாகாது. மூச்சுக்குழலில் புகுந்து கொன்றுவிடும். ஒடிந்த சிறகை மடித்து உடலோடு கட்டுவதை மிருக வைத்தியரிடம் விடவேண்டும். எலும்பு கூடியபின், சிறகு விரித்துப் பழக விசாலமான வலைக்கூண்டு தேவை. கொஞ்சி வளர்த்தல் கூடாது. மனித அச்சம் இழந்த காக்கை வெளியில் பிழைப்பது அரிது. தரையில் தத்தும் குஞ்சு நலமாயிருந்தால் தொடாதிருப்பதே உதவி. தாய் தந்தை மரத்திலிருந்து வந்து ஊட்டும். குணமானதை அதே கரையில், அதன் சுற்றத்திடையே விடவேண்டும்.

அது நன்றி சொல்லாது. மறுநாளே நம் மீனைத் திருடவும் கூடும். திருடட்டும்! பயனுள்ளதையே காப்பது வர்த்தகம். ஒல்லாந்தர் செய்தது அதுவே. பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட உயிரின் சிறகைக் கட்டத் துணியும் கைதான், பயனற்றவர் என்று ஒதுக்கப்பட்ட மனிதரையும் தூக்கிவிட நீளும்.